பதிவுப் பக்கத்துத் தொட்டி

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாதே என்று அவர் சொன்னாரா என்றால், இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரைச் சொல்லாமல், அவர் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அதற்கப்புறம் அந்தப் பெயரை எடுத்துப் புகழ்ந்து பேச எனக்கு யோக்கியதை ஏது? அவர் என்றே சொல்கிறேன்.

அவரை நினைத்தால் முதலில் வருவது வலது கை ஆள்காட்டி விரல். நகத்தை ஒட்ட வெட்டிய, மோதிரம் எதுவும் இல்லாத விரல். அதைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, தான் டைப் அடித்த வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்த பிறகுதான் என்டர் தட்டுவார். நேற்று ஓடின வரியாக இருந்தாலும் சரி, காலையிலிருந்து நாலு தடவை ஓடின வரியாக இருந்தாலும் சரி, படிக்காமல் தட்ட மாட்டார். திரையில் அந்த விரல் இழுத்த கோடு எப்போதும் மங்கலாகத் தெரியும். எங்கள் வாட்ச்மேன் வாரத்துக்கு ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டே அதைத் துடைப்பார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன சமயத்தில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தவன் நான். கேமரா, டேப், ஒயர் என்று பதினைந்து வருஷம் போனது. கடைசியில் ஊருக்குள் ஒரு கேபிள் டிவி முதலாளியிடம் வந்து சேர்ந்தேன். தேரடி வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து உள்ளூர் சேனல் ஒன்று நடத்தினோம். கோயில் விசேஷம், கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, பௌர்ணமி கிரிவலத்தில் காணாமல் போனவர்கள் அறிவிப்பு, இதெல்லாம் வரும். டேப் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டே எந்த டெக் மக்கர் பண்ணப் போகிறது என்று சொல்லிவிடுவேன். முதலாளி எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். இவர் வேலைக்கு வருகிறவரை அப்படித்தான் இருந்தது.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதுப் பெண். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு மலைக்குப் பின்பக்கம் கொஞ்சம் நிலம், கிணற்றுப் பாசனம். முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை, அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. சென்டரில் வேலை. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சி.டி.யை வைத்துக்கொண்டு, யாரும் சொல்லித் தராமல், வீடியோ வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அது என்ன வித்தை என்றால், மற்ற இடங்களில் பெரிய பெரிய பெட்டி வைத்துச் செய்கிற வேலையை இவர் எழுதிச் செய்தார். படத்தை எங்கிருந்து எடுக்கணும், எந்த அளவுக்குச் சின்னதாக்கணும், அடியில் எந்த எழுத்து ஓடணும், சத்தம் எந்த வழியாகப் போகணும், கடைசியில் எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் விடணும் என்று ஒரே வரியில் ஆங்கிலத்தில் டைப் அடிப்பார். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. அந்த புரோகிராமின் வழக்கம் அது. என்டர் தட்டினால் அந்த வரி அப்படியே மிஷினாகி ஓடும்.

"கம்ப்யூட்டர இன்னாத்துக்குமா இந்த அதட்டு அதட்டுற?" என்று வாட்ச்மேன் ஒரு நாள் கேட்டார், வரிசையாக நின்ற ஆச்சரியக்குறிகளைப் பார்த்துவிட்டு.

"அதட்டல பெரியப்பா. கொழாய்க்கு கொழாய் மாட்றேன். இது ஜாயின்ட்டு."

வேலையில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். டீ வாங்கி வரச் சொன்னாலும் இதே கதைதான். "கீழ எறங்கி லெஃப்ட்ல போங்க. மொத கட வேணாம், ரெண்டாவது கட. மூணு டீ. ஒண்ணுல சக்கர கம்மி. ஃபிளாஸ்க்க முன்னாடியே வெந்நி ஊத்திக் கழுவச் சொல்லுங்க. வரப்ப மூடிய திருகிட்டு வாங்க" என்பார். வாட்ச்மேன் ஆறு வருஷமாக அதே கடைக்குப் போய்வருகிறவர். "நான் என்ன புதுசாமா?" என்று கேட்பார். "சொல்லாதத நீங்க செஞ்சா அது உங்க நல்ல மனசு பெரியப்பா. சொல்ல வேண்டியது என் வேல" என்பார் இவர். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரிப்பேன்.

ஒரு சித்ரா பௌர்ணமி. ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர் பெண்டாட்டியைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு, மாடி ஏறி வந்து அழுதார். நானாக இருந்தால் பெயர், ஊர், புடவை நிறம் கேட்டு அறிவிப்பை ஓட்டிவிட்டிருப்பேன். இவர் அரைகுறைத் தெலுங்கில் எங்கிருந்து நடக்க ஆரம்பித்தீர்கள், எது வழியாக வந்தீர்கள், கிரிவலப் பாதையில் கடைசியாக எந்த லிங்கத்துகிட்ட தண்ணீர் குடித்தீர்கள், விட்டுப்போனால் எங்கே வந்து நிற்கச் சொல்லியிருந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "போடும்மா சீக்கிரம். அங்க அந்தம்மா அழுதுகினு இருக்கும்" என்றேன். டைப் அடித்து முடித்து, விரலை வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"ணா, இது அந்தம்மா பேரு இல்ல. இவர் பேரு."

உண்மைதான். அந்த ஆள் பதற்றத்தில் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார், இவரும் அடித்துவிட்டார். புருஷன் பெயரை டிவியில் பார்த்து எந்தப் பெண் தன்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்? பெயரை மாற்றி, மறுபடி முதலிலிருந்து படித்து, என்டர் தட்டினார். அரை மணியில் ஈசான்ய லிங்கம் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் போன் பண்ணினார். அந்த ஆள் இவர் காலில் விழப் போனார். இவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "வழிய கேட்டுகினு போங்க, திரும்பத் தொலையாதீங்க" என்றார்.

அன்றைக்கு நான் பாராட்டியிருக்க வேண்டும். வாட்ச்மேன்கூடப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல வார்த்தையெல்லாம் தேட மாட்டேன். கல்யாண டேப் நாற்பதை சி.டி.யாக மாற்றும் வேலை வந்தபோது, நான் ஒரு வாரம் கண் விழித்துச் செய்கிறதை இவர் ஒரு வரி எழுதி ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு பிடி நீட்டினார். முதலாளி வந்து பார்த்து, "இன்னாமா, சும்மா உக்காந்துகினு இருக்க?" என்றார். "சும்மா இல்ல சார், ஓடுது" என்றார் இவர். முதலாளிக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தும், "ஆமா சார், அதுபாட்டுக்கு ஓடும், ஆளே வேணாம்" என்று எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அப்படி ஒரு வாய்.

அந்த வருஷம்தான் முதலாளி வேங்கிக்காலில் புதுக் கண்ட்ரோல் ரூம் கட்டிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்து, பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, இதை வாங்கினால் இதோடு ஆபரேட்டர் ஒருவரையும் நாங்களே அனுப்புவோம் என்றான். இவர் எழுதின வரியைப் பார்த்துவிட்டு, "டைப் அடிச்சா டிவி ஓட்றீங்க?" என்று சிரித்தான். முதலாளியும் கூடச் சிரித்தார்.

இவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சார், கார்த்திகை தீபத்தன்னிக்கு லைவ் நான் பண்றேன். ஒரு கேமரா மலைக்கு, ஒரு கேமரா கூட்டத்துக்கு. அடியில எழுத்து ஓடும், அதே நேரம் பதிவும் ஆவும். நல்லா வந்திச்சின்னா வேங்கிக்கால் ரூம எங்கிட்ட குடுங்க. பர்மனன்ட் பண்ணுங்க. வரலன்னா இந்தப் பொட்டிய வாங்கிக்கங்க, நான் போயிட்றேன்."

முதலாளி எங்கள் எல்லோருக்கும் எதிரில் சரி என்றார். அன்று சாயங்காலம் மாடிப்படியில் இறங்கும்போது இவர் என்னிடம் சொன்னார்: "டைப்ரைட்டிங்ல இருந்து இது வரைக்கும் எல்லா எடத்துலயும் டெம்பரரிதான் ணா. எங்கப்பா வயல விக்கலாமான்னு பாக்கறாரு. இது கெடச்சா வேணாம்னு சொல்லிடுவேன்." கூடவே, "நீங்க கேமராவ பாத்துக்கங்க ணா. நீங்க இருந்தா எனக்கு பயம் இல்ல" என்றார்.

ஒரு மாசம் வரியை எழுதினார். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அப்புறம்தான் கம்ப்யூட்டரில். நீளமான நோட்டு, பழுப்பு அட்டை. எந்த வரியானாலும் அதில் ஒரு நகல் இருக்கும். நான் ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது விளக்கினார். கேமராவிலிருந்து வருகிற படம் ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஒளிபரப்புக்கு, இன்னொன்று பதிவுக்கு. பிரிந்த உடனே இரண்டு பக்கமும் ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தார்.

"இது இன்னாமா, ரெண்டு தடவ வருது?"

"தொட்டி ணா. எங்க கெணத்தாண்ட பாத்திருப்பீங்களே. மோட்டார் தண்ணி நேரா வாய்க்கால்ல உழாது, தொட்டில உழும். அங்கேர்ந்துதான் வாய்க்கா. இங்க பதிவு பண்ற பக்கம் வேல கஷ்டம், சில நேரம் திணறும். அப்ப அந்தப் பக்கத்துத் தொட்டி ரொம்பி வழிஞ்சிடும். வழியட்டும்னு எழுதிருக்கேன். பதிவுல ரெண்டு படம் போனா போவுது. தொட்டி இல்லன்னா, அந்தப் பக்கம் திணறனா மோட்டாரே நின்னுடும். டிவி பக்கமும் நின்னுடும்."

கேட்டுக்கொண்டேன். தலையாட்டினேன். கேட்டது மண்டையில் ஏறவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். பாதி ஏறியது. தொட்டி என்றால் தண்ணீர் தேங்குகிற இடம் என்கிற பாதி.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகை. மாட வீதியில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் கேமரா. கீழே முதலாளி ஒரு டிவியை வைத்துக்கொண்டு, மாடியில் ஒரு ஆளைத் துண்டை வீசச் சொல்லிப் பார்த்தார். துண்டு மேலே வீசியாகிவிட்டது. டிவியில் இரண்டு விநாடி கழித்துத்தான் வீசியது. எழுத்து ஏற்றுவதற்காகப் படம் கம்ப்யூட்டருக்குள் போய் வருவதால் வருகிற தாமதம் அது. முதலாளி குதித்தார்.

"வேற ஊருன்னா எவனுக்குமா தெரியும்? இங்க வாசல்ல நின்னா மலை தெரியுது. எதிர்ல இருக்கற கேபிள்காரன் டிவில முன்னாடியே தெரியும். நம்மளுது மட்டும் லேட்டுன்னா மானம் போயிடும்."

முதலாளி சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். லாட்ஜ் கட்டடங்கள் எழும்பி மலை மறைந்துபோன வீடுகளில் டிவியைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்து நம் வீட்டு விளக்கு எரியவில்லை என்றால் பொம்பளைகள் விட மாட்டார்கள்.

இவர் அசையவில்லை. "ரெண்டு செகண்டு பின்னால வந்தா ஒண்ணும் ஆவாது சார். நின்னு போச்சின்னாதான் தப்பு" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ இன்னாப்பா சொல்ற, அந்தக் காலத்துலேர்ந்து இருக்கறவன்?" என்றார். எத்தனை நாள் கழித்து என்னைக் கேட்கிறார். "பாக்கலாம் சார், எதனா பண்ணலாம்" என்றேன்.

தீபத்தன்று மத்தியானம். இவர் காலையிலிருந்து விரதம். ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனார். ரூமில் நான் மட்டும். வரி இருக்கிற ஃபைலைத் திறந்தேன். ஒளிபரப்புப் பக்கத்துத் தொட்டியைத் தொடப் பயமாக இருந்தது. அதனால் பதிவுப் பக்கத்துத் தொட்டியை எடுத்தேன். ஒரு சொல், பக்கத்தில் அது வழிவதைப் பற்றிய இன்னும் இரண்டு சொல், ஒரு ஆச்சரியக்குறி. தேக்கம் ஒன்று குறைந்தால் வேகம் கொஞ்சம் கூடாதா என்று நினைத்தேன். ஓடவிட்டு, முதலாளிக்குப் போன் பண்ணி, பாருங்கள் என்றேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்லப்பா, கரெக்டா வருது. இன்னா பண்ண?" என்றார். "சின்ன வேலதான் சார்" என்றேன். தாமதம் உண்மையில் குறைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குறைந்திருக்க முடியாது என்று அப்புறம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். குறைந்த மாதிரி இருவருக்கும் தோன்றியது, அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, கடைசியாக ஓடவிட வேண்டிய நேரம். இவர் வந்து உட்கார்ந்தார். முதலாளி வாசலில் நின்று, "ஆவட்டும்மா, ஆவட்டும், விளம்பரக்காரன்லாம் பாத்துகினு இருக்கான்" என்று அவசரப்படுத்தினார். இவர் விரலைத் திரையில் வைத்து முதல் சொல்லைப் படித்தார். படித்தால் கண்டுபிடித்துவிடுவார். முதலாளி எதிரில் என்னைக் கேட்பார்.

"நான் படிச்சிட்டேன் மா" என்றேன். "நீ வெச்ச மாதிரியே இருக்குது."

திரும்பி என்னைப் பார்த்தார். "கடைசி வரைக்குமா ணா?"

"கடைசி வரைக்கும்."

விரலைத் திரையிலிருந்து எடுத்தார். என்டர் தட்டினார்.

ஒன்றரை மணி நேரம் அருமையாக ஓடியது. மலை, மேகம், மேலே சின்னப் புள்ளிகளாக ஜனங்கள், அடியில் எழுத்து. அசையாத மலையைப் பதிவு பண்ணுவதில் கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்? ஆறு மணிக்குக் கூட்டத்தைக் காட்டும் கேமராவுக்கு மாற்றினோம். கோயிலுக்குள்ளிருந்து சத்தம் கிளம்பி வீதிக்கு வந்தது. அரோகரா என்று ஆயிரக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் மேலே எழும்பின. பாதியில் நின்றன. டிவியில் எல்லாக் கைகளும் முகத்துக்கு நேராக அப்படியே நின்றன. பதிவுப் பக்கம் திணறி, படம் வருகிற வழியையே அடைத்துவிட்டது. அவர் கிணற்றடியை வைத்து எனக்கு விளக்கிச் சொன்ன அதேதான்.

ஜன்னல் வழியாக மலை உச்சியில் ஜோதி தெரிந்தது. ஊரெல்லாம் வெடிச் சத்தம். போன் அடிக்க ஆரம்பித்தது. மலை மறைந்த தெருக்களிலிருந்து, "ஏத்திட்டாங்களா இல்லியா, விளக்கு வெக்கறதா வேணாமா?" என்று கேட்டார்கள். நான் போனுக்கும் டிவிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இவர் மட்டும் பதறவில்லை. வரியை முதலிலிருந்து படித்தார். சத்தமாக, விரலை வைத்து. பிரிகிற இடத்தைத் தாண்டி, பதிவுப் பக்கத்தில், விரல் நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த ஃபைலைத் தொட அந்த ரூமில் வேறு ஆள் கிடையாது. கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன். தெலுங்குக்காரர் பெயர் தப்பாக இருந்தபோது பார்த்த அதே மாதிரிதான் பார்த்தார். பிறகு விட்டுப்போன சொற்களை டைப் அடித்து, மறுபடி முழுதும் படித்து, என்டர் தட்டினார். படம் வந்தது. நாலு நிமிஷம் போயிருந்தது.

முதலாளி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"இன்னாமா ஆச்சு?"

"லைன்ல ஒரு எடம் விட்டுப் போயிருந்திச்சி சார்."

"லைன யார் எழுதுனது?"

"நான்தான்."

"படிச்சியா இல்லியா? மூணு வேளையும் அதத்தான படிச்சிகினு இருப்ப?"

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்காக விட்டது. இப்போது எனக்கு அது நன்றாகத் தெரிகிறது, அப்போதும் தெரிந்தது. பழுப்பு அட்டை நோட்டு மேசைமேல்தான் இருந்தது. அதைத் திறந்து, நான் எழுதினது இதோ, இதில் தொட்டி இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். நான் எடுத்தேன் சார் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நான் கேமரா ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். சுற்றவேண்டிய அவசியமே இல்லாத ஒயர்.

"படிக்கல சார்" என்றார்.

"நாளையிலேர்ந்து வேணாம்மா" என்றார் முதலாளி.

நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டே, "படிக்காம தட்டுனது நான்தான ணா" என்றார். வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு, விளக்கு ஏற்றின தெரு வழியாகப் போனார். அடுத்த தை மாசம் அவர் அப்பா நிலத்தை விற்றுவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

வேங்கிக்கால் ரூமுக்குச் சென்னைப் பெட்டி வந்தது. அதன் ஆபரேட்டரும் வந்தான். அடுத்த தீபத்துக்கு அந்தப் பெட்டி வழியாக லைவ். நான் வெளியே நின்று மலையைப் பார்த்துவிட்டு டிவியைப் பார்த்தேன். நாலு விநாடி தாமதம். இவருடையதைவிட இரண்டு மடங்கு. முதலாளியிடம் சொன்னேன். "டிஜிட்டல்னா அப்படித்தான்பா வரும், உனக்குத் தெரியாது" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரையும் அடிக்கத் தோன்றியது, என்னையும் அடிக்கத் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் அங்கேயே இருந்தேன்.

அதற்கும் அப்புறம் ஒரு நாள், பெண்ணின் காலேஜ் உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டி வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். கூட்டம் கம்மியாக இருந்த கடையில் நுழைந்து, மனு அடிக்க வேண்டும் என்றேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்து தலை நிமிர்ந்தது. கண்ணாடி போட்டிருந்தார். காதோரம் நரை.

"வாங்க ணா. உக்காருங்க" என்றார்.

எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பெண்ணின் பெயர், படிப்பு, என் தொழில், எந்த ஆபீசுக்கு மனு, யார் வழியாகப் போக வேண்டும். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். முடித்ததும் திரையில் விரலை வைத்து, முதலிலிருந்து படித்தார். குரல்கூட மாறவில்லை. மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன் என்ற வரி வந்தபோது, விரல் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மற்ற வரிகளைப் போலவே அதையும் படித்துக்கொண்டு போனார்.

பிரின்ட் எடுத்து, இரண்டு பக்கத்தையும் பின் அடித்து நீட்டினார். "நீங்க ஒரு தடவ படிச்சிட்டு கையெழுத்து போடுங்க ணா. நான் படிச்சேன்னு உட்றாதீங்க."

காகிதத்தைக் கையில் வாங்கினேன். கடையில் வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்னிக்கு எடுத்தது நான்தான் மா, வேணும்னே இல்ல, ஆனா நான்தான். நாக்கு நுனிவரை வந்தது. எழுத்தெல்லாம் கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது. முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சிட்டேன் மா" என்றேன்.

"ரெண்டாவது பக்கத்தத் திருப்பவே இல்லியே ணா" என்றார். எழுந்து வந்து பக்கத்தைத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தார்.